நடுகல் பாட்காஸ்ட்: புதிதாக யாரும் கேட்க வரவில்லை, என்ன செய்யலாம்?

தகடூர்வாசி:
தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நடுகற்கள் (சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கற்கள்), கோட்டைகள், ஊர்க்கதைகள் பற்றித் தனி ஆளாக ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் இரண்டிலும் இருக்கிறது. ஆரம்பத்தில் கேட்ட அதே ஆட்கள்தான் இன்றும் கேட்கிறார்கள், அதில் பாதி சொந்தக்காரர்கள். மைக் மாற்றணுமா, இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடணுமா, யூடியூப் பக்கம் போகணுமா?

பர்கூர் பையன்:
மைக்கை விடுங்கள் அண்ணே, தலைப்பைப் பாருங்கள். "வேர்களைத் தேடி - பகுதி 7" என்று வைத்தால் யார் தேடி வருவார்கள்? ஆட்கள் கூகுளில் தட்டுவது ஊர்ப் பெயரைத்தான். எங்கள் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் 4,200 ஆண்டுக்கு முந்தையது என்று 2022ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள், நீங்களும் அதைப் பற்றி அருமையாகப் பேசியிருக்கிறீர்கள், ஆனால் தலைப்பில் அந்த ஊரே இல்லை! நடுகல்லும் அப்படித்தான். நம் ஆட்கள் பலருக்கு அது நடுகல் இல்லை, வேடியப்பன் சாமி. "உங்கள் ஊர் வேடியப்பன் யார்?" என்று வைத்துப் பாருங்கள், சண்டை போடவாவது வருவார்கள். ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்திலும் விவரத்தில் சேர்த்துவிடுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் தட்டுகிறார்கள்.

ஓசூர் ஷிப்ட்:
தலைப்பு சரி, ஆனால் சத்தம்? கம்பெனி பஸ்ஸில் வால்யூமை முழுசாக வைத்தும் பாதி கேட்கவில்லை. ஆப்பிள் சொல்லும் அளவு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). ஆடியோ எடிட் செய்யும் ஆடாசிட்டி இலவசம்தான், சத்தத்தை அந்த அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னஸ் நார்மலைசேஷன் அதிலேயே இருக்கிறது. அப்புறம் அந்த இசை, வணக்கம், நன்றி எல்லாம் முடிந்து நீங்கள் கல்லுக்கு வருவதற்குள் நான் சூளகிரி தாண்டிவிடுகிறேன். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் கதையை முதல் வரியிலேயே ஆரம்பியுங்கள். எந்த இடத்தில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று ஸ்பாட்டிஃபை கணக்கிலேயே கோடு போட்டுக் காட்டும்.

பாலக்கோடு தக்காளி:
விளம்பரத்துக்குக் காசு போடாதீர்கள், லைக்தான் வரும். எந்த ஊர்க் கல்லைப் பற்றிப் பேசினீர்களோ, அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நிமிடத் துண்டைப் போடுங்கள். வெறும் லிங்க் போட்டால் எவனும் தொடமாட்டான், ஆடியோவாகவே போடணும். பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள், ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் அடுத்தவனுக்கு அனுப்பிவிடுவார்கள். யூடியூப்பும் வேண்டும்தான். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024ல் மூடிய பிறகு என் வீட்டில் யாரும் வேறு ஆப் போடவில்லை, எல்லாம் யூடியூப்தான். யூடியூப் ஸ்டூடியோவில் பாட்காஸ்டின் ஆர்எஸ்எஸ் முகவரியை (ஹோஸ்டிங் தளம் தரும் லிங்க்) கொடுத்தால் அட்டைப்படத்தோடு தானாக ஏறிவிடும்.

பர்கூர் பையன்:
துண்டையே கேட்டுவிட்டு அப்படியே போய்விடுவார்களே?

பாலக்கோடு தக்காளி:
கதையை முடிக்காமல் வெட்டணும் தம்பி.

தகடூர்வாசி:
அந்த இசை நானே போட்டது, சரி, வெட்டிவிடுகிறேன். ஒரே சந்தேகம், பழைய எபிசோடுகளின் தலைப்பை இப்போது மாற்றினால் எல்லாம் மறுபடி புதிதாக வந்து நிற்குமா?

ஓசூர் ஷிப்ட்:
நிற்காது. ஆப்கள் எபிசோடை அடையாளம் காண்பது ஜிஐயுடியை (ஒவ்வொரு எபிசோடுக்கும் உள்ள தனி அடையாளக் குறி) வைத்து, தலைப்பை வைத்து இல்லை. ஹோஸ்டிங் தளத்தில் போய் எடிட் மட்டும் செய்யுங்கள். அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினால்தான் எங்கள் போனில் இரண்டாம் தடவை வந்து நிற்கும்.