ஏழு கல் தோட்டு வைரம் எந்த நாட்டுச் சுரங்கத்தது என்று எப்படி அறிவது?

புதுச்சேரியில் வசிக்கிறேன். தை மாதம் நடக்கவிருக்கும் மகளின் திருமணத்துக்கு ஏழு கல் வைரத் தோடு வாங்க வேண்டும். ஆனால் சியரா லியோனிலும் அங்கோலாவிலும் உள்நாட்டுப் போருக்குப் பணமாக மாறியவை போன்ற கற்கள் அவள் காதில் ஏறக் கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருக்கிறோம்.

ஒரு மாதமாக நேரு வீதியில் மூன்று கடைகளிலும் கடலூரில் ஒரு கடையிலும் கேட்டுவிட்டேன். எல்லோரும் தரச் சான்றிதழையே நீட்டுகிறார்கள். அதில் எடை, நிறம், தெளிவு எல்லாம் இருக்கின்றன, சுரங்கம் எந்த நாட்டில் என்பது மட்டும் இல்லை. ஒரு கடைக்காரர், மடித்த காகிதப் பொட்டலங்களைப் பிரித்து, மிளகைவிடச் சிறிய 14 கற்களை இடுக்கியால் பொறுக்கிச் சேர்த்தபடி, "சூரத்தில் பட்டை தீட்டியது" என்றார். பட்டை தீட்டிய ஊர் பிறந்த ஊர் ஆகாதே. போருக்குப் பணமாகும் வைரங்களின் வணிகத்தைத் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து செய்த, 2003 முதல் நடைமுறையில் உள்ள கிம்பர்லி ஏற்பாடோ பட்டை தீட்டாத கற்களுக்கு மட்டுமே சான்றளிக்கிறது. அதன் வரையறையும் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் தரும் கற்களோடு நின்றுவிடுகிறது, சுரங்கத் தொழிலாளர் படும் கொடுமைகளைத் தொடுவதில்லை. மோதலோடு தொடர்பற்ற கற்கள் என்று பில்லில் எழுதித் தரக் கேட்டேன், எவரும் இசையவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கு வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை.

புதுச்சேரி, கடலூர் அல்லது சென்னையில், இத்தகைய சிறு கற்களுக்கும் சுரங்கம் உள்ள நாட்டை எழுத்தில் உறுதிசெய்து தரும் கடையில் உங்களில் யாராவது நேரடியாக வாங்கியிருக்கிறீர்களா?