பெல்லட் டிராப்புக்குத் தமிழ்: பொறியா, தடுப்பா, மடியா?

மண்டபம்:

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் அவரவர் ஊர்ப்பெயரிலேயே எழுதுகிறோம். 10 மீட்டர் ஏர்கன் பயிற்சிக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் பெட்டியின் செய்முறையைத் தமிழில் எழுதி வருகிறோம். இலக்கு அட்டைக்குப் பின்னால் நின்று, சுட்ட பெல்லட்டை (சிறு ஈய ரவையை) வாங்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும் பெட்டி. கடைகளில் 'பெல்லட் டிராப்' (டிராப் என்றால் பொறி) என்றே கேட்கிறார்கள். அந்தப் பெயரையே வைத்துவிடலாம்தான். ஆனால் அதன் முகப்பு, உள்ளே அடைப்பது, வகைகள் என்று அடுத்தடுத்துப் பெயர் தேவைப்படுகிறது. வேர்ச்சொல் தமிழாக இல்லாவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

பேசுவது 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. குழல் உள்ள ஏர்கன்களைப் பற்றி மட்டும். 2016 ஆயுத விதிகளில் உரிமம் கேட்காத வரம்பும் இதுதான்: குழல் 4.5 மி.மீ., ரவையின் ஆற்றல் 20 ஜூல். இதுவரை வந்த சொற்கள் குண்டுப்பொறி, ரவைத்தடுப்பு, ரவைதாங்கி.

தொண்டி:

'குண்டுப்பொறி' வேண்டவே வேண்டாம். செய்தித்தாள் படிக்கிறவருக்குக் குண்டு என்றால் வெடிகுண்டு. அதோடு பொறி சேர்ந்தால் யாருக்கோ வைத்த கண்ணி என்றாகிவிடும். 'ரவைப்பொறி' என்று மாற்றினாலும் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வேறு சிக்கல் உண்டு. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் பறவைச் சரணாலயங்கள். அந்தப் பக்கம் துப்பாக்கியையும் பொறியையும் ஒரே சொல்லில் கேட்டால் கொக்கு பிடிக்கும் கருவி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பறவையைச் சுடாமல் அட்டையைச் சுடுவதற்காகச் செய்யும் பொருளுக்கு அந்தப் பெயர் ஒட்டக்கூடாது.

'ரவைத்தடுப்பு' எளிது, எவருக்கும் புரியும். என் வாக்கு அதற்கே.

கீழக்கரை:

தொண்டி அண்ணன் பொறியைத் தள்ளியது சரி. தடுப்பைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தப் பெட்டி செய்யவே கூடாத வேலை அது.

போட்டித் துப்பாக்கியில் அரை கிராம் ஈயம் நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் ஆற்றல் 7 ஜூல் அளவு. அதை ஒரே இடத்தில், ஒரே கணத்தில் நிறுத்தினால் மூன்றில் ஒன்று நடக்கும். ஈயம் சப்பையாகி விழும், சிதறிப் பக்கவாட்டில் தெறிக்கும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பும். திரும்புவது பெரும்பாலும் கெட்டி மரத்திலிருந்தும் விறைத்த ரப்பரிலிருந்தும்தான். வலுக்குறைந்த துப்பாக்கியால் சுட்டால் ஆபத்து குறைவு என்று நினைக்கக்கூடாது. பலகைக்குள் புகும் வேகம் இல்லாத ரவைதான் துள்ளி வரும். 'தடுப்பு' என்று பெயர் வைத்தால் படிக்கிறவர் ஒரு பனம்பலகையை நிறுத்திவிட்டுத் தடுப்பு தயார் என்பார். பனையின் வைரம் பாய்ந்த பகுதியைவிடத் துள்ளலுக்குத் தோதான மரம் நம் ஊரில் கிடையாது.

ஆகவே பெயரில் இருக்க வேண்டிய கருத்து நிறுத்துவது அல்ல. உள்ளே விட்டு, வேகத்தைத் தின்று, வெளியே விடாமல் வைத்திருப்பது. 'தாங்கி' ஓரளவு நெருங்கி வருகிறது, இடிதாங்கி நமக்குப் பழகிய சொல். ஆனால் ரவைதாங்கி என்றால் ரவையைச் சுமந்திருக்கும் டப்பா, அதாவது சுடுவதற்கு முந்தைய ரவை வைக்கும் பொருள் என்று படிக்க இடம் இருக்கிறது.

நம் கடற்கரையிலேயே சொல் கிடக்கிறது. கரைவலையின் கடைசியில் மீன் வந்து சேரும் பையை என்ன சொல்கிறோம்? மடி. உள்ளே வரலாம், திரும்ப முடியாது. ரவைமடி.

மண்டபம்:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதை வைத்துச் செய்முறையை ஒரு முறை திருப்பி எழுதிப் பார்த்தேன். சொல் வேலை செய்கிறதா என்று செய்முறையில்தானே தெரியும். அந்தப் பகுதியை இங்கே இடுகிறேன்.

"ரவைமடி இரண்டு வகை. தகட்டுமடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு 45 பாகை சாய்வில் நிற்கும். தகட்டின் மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ரவை கீழே தட்டில் விழும். மாற்றி வைத்தால் மேல்நோக்கிப் போகும். இந்த வகையில் ஈயம் நொறுங்கித் தூள் பறக்கும். உப்புக்காற்றில் தகடு துருவேறிக் குழி விழுந்துவிட்டால் சாய்வு சாய்வாகவே இருக்காது, ரவை நினைத்த பக்கம் போகாது. கடலோரத்துக்கு, உள்ளே ரப்பர் துண்டு அடைத்த நிரப்புமடியே ஏற்றது.

நிரப்புமடிக்கு உள்ளளவு 35 செ.மீ. அகலம், 35 உயரம், 20 ஆழம். பலகை 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ளது. 8×4 அடி ஷீட்டில் கால்வாசிகூடத் தேவைப்படாது. சாதாரண பிளைவுட் ஓர் ஐப்பசி மழைக்கே ஏடு ஏடாகப் பிரியும். திருகாணி எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு). பின்பலகையின் உள்பக்கம் 3 மி.மீ. தகடு, இரண்டு கோட் ரெட் ஆக்சைடு அடித்துப் பதிக்கவும். இங்கே தகடு கடைசிக் காவல் மட்டும்; ரவை அதைத் தொடாமல் இருப்பதே மடி நன்றாக இருப்பதன் அடையாளம்.

மடிநிரப்பு: பஞ்சர் கடையில் கழித்த லாரி டியூப், இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டியது, 10 முதல் 12 கிலோ. டயர்த் துண்டு வேண்டாம். அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பி ரவையின் திசையைத் திருப்பும், பிரித்தெடுக்கும்போது கையையும் கிழிக்கும். வால்வுப் பகுதியை வெட்டி எறிந்துவிடவும்.

மடிமுகம்: இரண்டு அடுக்கு அட்டை. முன்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) வைத்து மேலிருந்து செருகி எடுக்கும்படி அமைக்கவும். நடுவில் ஓட்டை பெரிதாகித் துண்டுகள் உதிரத் தொடங்கினால் அட்டையை மாற்றவும்.

மூடி மேல்பக்கம். சில நூறு சூட்டுக்குப் பிறகு நிரப்பு அமுங்கி மேலே வெற்றிடம் விழும். மேல்வரிசையில் சுட்டால் 'டங்' என்று தகட்டுச் சத்தம் கேட்கும். கேட்டதும் சுடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து கிளறி, மேலே நிரப்பவும்."

துணி அடைப்பதையும் எழுதினேன். பழைய ஜீன்ஸ், போர்வையை இறுக்கி அடைத்தால் போதும், செலவே இல்லை. ஆனால் ஒரே புள்ளியில் சுடச்சுட துணிக்குள் துளை விழுந்து ரவை நேரே பின்னால் போய்விடும். வாராவாரம் கலைத்து அடுக்கும் பொறுமை உள்ளவருக்கு மட்டும். ஜன்னல் புட்டி அடைத்தால் இறுகிவிடும், அது கூடவே கூடாது.

தொண்டி:

படித்தேன். 'கடைசிக் காவல்' என்ற வரியோடு என் தடுப்பை விட்டுக்கொடுக்கிறேன். மணலைப் பற்றி ஒரு வரி கட்டாயம் சேருங்கள். கடற்கரையில் இருப்பவர் முதலில் நினைப்பது மணல்தான். அதே பெட்டியை மணலால் நிரப்பினால் 40 கிலோ தொடும். நம் கடல் மணலில் சிப்பியும் பவளத் துண்டும் கலந்திருக்கும், ரவை பட்டால் அவை சில்லாகத் தெறிக்கும். உப்பு ஈரத்தை இழுத்து மணல் கட்டிப்படும். சுட்ட இடத்தில் குகை மாதிரி குழி நிற்கும், மேல்மணல் சரிந்து மூடாது.

காற்று பலமாக வீசும் கச்சான் காலத்தில் பெட்டியைக் கயிற்றில் தொங்கவிடுவதும் சரிவராது. இலக்கின் நடு 1.4 மீட்டர் உயரத்தில் வர வேண்டுமென்றால் நான்கு கால் ஸ்டாண்டு செய்து, கால்களின் மேல் மணல்மூட்டை வைத்துவிடலாம். மணலுக்கு அந்த இடம்தான் சரி.

முதுகுளத்தூர்:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு ஐயம். ரவை என்றால் எங்கள் வீட்டில் உப்புமா. மடி என்றால் வலையின் மடி எங்களுக்குத் தெரியாது. கரிசல்காட்டு ஆள் நான்.

இன்னொன்று, சொல்லுக்கு வெளியே. ஈயத்தைப் பிரிக்க வாலிநோக்கம் உப்பளத்துக் கடைத்தண்ணீர் (உப்பு எடுத்த பின் மிஞ்சும் நீர்) உதவுமா? செறிந்த உப்புநீரின் அடர்த்தி 1.2. ரப்பர் மிதக்கும், ஈயம் 11.3, அடியில் போய்விடும்.

கீழக்கரை:

நல்ல யோசனை தம்பி, கணக்கும் சரி. ஆனால் செய்யாதீர்கள். உப்புநீர் பட்ட ரப்பரை எவ்வளவு அலசினாலும் உப்பு மிஞ்சும், பின்தகடு துருப்பிடிக்கும். ஈயம் பட்ட அந்த நீரை எங்கே ஊற்றுவது? வாய்க்காலில் ஊற்றினால் போகும் இடம் கடல்தான். 8 மி.மீ. கண் உள்ள சல்லடை போதும். துண்டுகள் மேலே நிற்கும், பெரும்பாலான ரவை கீழே விழும், சப்பையானதைக் கையுறையோடு பொறுக்கலாம். இரண்டாயிரம் சூட்டுக்கு ஒரு கிலோ ஈயம் சேரும். வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, முகக்கவசத்தோடு சலிக்கவும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கலாமே என்று வீட்டு அடுப்பில் உருக்குவதை யாரும் தொடங்கிவிடக்கூடாது. காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுங்கள்.

இனி சொல். 'துப்பாக்கி ரவைகள் பறிமுதல்' என்று செய்திகளில் வருவதுதான். துப்பாக்கிக்குப் பக்கத்தில் வரும்போது யாரும் உப்புமாவை நினைப்பதில்லை. மடி வலைக்காரர் சொல் மட்டும் என்பதும் இல்லை. சுருக்குமடி வலை, இரட்டைமடி வலை என்று செய்தித்தாளின் எல்லாப் பதிப்பிலும் அச்சாகிறது. வேட்டி மடியில் காசு முடிவதும் கரிசல்காட்டில் உண்டுதானே.

முதுகுளத்தூர்:

உண்டு. ரவைமடிக்கு என் இசைவு. பெட்டியைத் தவறவிட்ட ரவைக்காகப் பின்னால் தொங்கவிடும் கனத்த ரப்பர் பாய்க்கு மட்டும் வேறு சொல் வேண்டும். அது ரவையை வைத்திருப்பதில்லை, மடி ஆகாது. வெறும் செங்கல் சுவர் முன் யாரும் பெட்டியை வைக்காமல் இருக்க, அதற்கும் செய்முறையில் ஒரு தலைப்பு தேவை.

மண்டபம்:

அதற்குப் பின்னரண் என்று எழுதுகிறேன். தொண்டி அண்ணனின் தடுப்பை அங்கே வைக்கலாமா என்றும் யோசித்தேன். பாய் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தளர்வாகத் தொங்கினால்தான் ரவை வேகம் இழந்து கீழே விழும், இறுக்கிக் கட்டினால் துள்ளும். ஆகவே அங்கேயும் அந்தச் சொல் பொருந்தவில்லை. மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை செய்முறையை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.