பென் – டெல்லர் நிகழ்ச்சி: ஆங்கிலம் வேகமாகப் பேசினால் புரியாத அப்பாவை அழைத்துச் செல்லலாமா?

மணல்வீடு (கேள்வி):

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அடுத்த மாதம் லாஸ் வேகஸுக்கு அழைத்துச் செல்கிறோம். சூதாட்டத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் நாட்டமில்லை என்பதால், ஒரு மாலைப்பொழுதை ரியோ ஹோட்டலில் நடைபெறும் பென் – டெல்லர் இரட்டையரின் நகைச்சுவை மாயவித்தை நிகழ்ச்சிக்கு ஒதுக்கலாம் என்று எண்ணுகிறேன். 1975 ஆகஸ்டில் மின்னசோட்டாவில் ஒரு திருவிழாவில் முதன்முதலாகச் சேர்ந்து மேடையேறியவர்கள், 2001 முதல் இந்த ஒரே ஹோட்டலில் நிலைத்து நின்று நிகழ்த்தி வருகிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தயக்கமெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆங்கில நாளிதழைத் தடையில்லாமல் வாசிப்பார், ஆனால் இங்குள்ளவர்கள் வேகமாகப் பேசத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே கவனத்தை விலக்கிக்கொண்டு வேறெங்கோ பார்க்க ஆரம்பித்துவிடுவார். பென் ஜில்லெட்டோ மூச்சு விடாமல் பேசுகிறவர். நேரில் பார்த்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெற்குத்தெரு:

நான் 2018-இல் பார்த்தேன். உங்கள் கேள்விக்கான விடை அந்த இருவரில் ஒருவர் வாயே திறப்பதில்லை என்பதிலேயே இருக்கிறது. ஆறரை அடி உயரமுள்ள பென் பேசிக்கொண்டே இருப்பார். அவருடைய தோளுக்குச் சற்று மேலே மட்டும் எட்டும் டெல்லர் மேடையில் ஏறக்குறைய முழு நேரமும் மௌனமாக இருப்பார். தொலைக்காட்சியில் பார்க்கும்போது கேமரா பேசுகிறவர் பக்கமே போகும் என்பதால், டெல்லர் உதவியாளர் போலத் தெரிவார். அரங்கில் உட்கார்ந்தால் நிலைமை தலைகீழ்: பென் என்ன சொன்னாலும் நம் கண் டெல்லரின் கையை விட்டு அகலாது.

சிவப்புப் பந்து உருப்படியை மட்டும் விவரிக்கிறேன். பென் வந்து, இது வெறும் நூலினால் செய்யப்படும் வித்தை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதன் பிறகு டெல்லரும் ஒரு சிவப்புப் பந்தும் ஒரு வளையமும் மட்டுமே. பந்து பழக்கப்பட்ட நாய்க்குட்டியைப் போல அவர் பின்னால் உருண்டு வருகிறது, கூப்பிட்டால் நிற்கிறது, முரண்டு பிடிக்கிறது, வளையத்துக்குள் தாவுகிறது. நூல்தான் என்று முன்னரே சொல்லிவிட்டார்களே என்று நானும் நூலைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். சிறிது நேரத்தில் அந்தத் தேடலையே மறந்து, பந்துக்குக் கோபம் வந்துவிட்டதோ என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த, ஆங்கிலம் அறவே பேசாத ஒரு மூதாட்டி வாயைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். மைக் ஜோன்ஸ் என்னும் ஜாஸ் பியானோ கலைஞர் வாசிப்பார். அவருக்குப் பக்கத்தில் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியம் வாசிப்பவர் யாரென்று உற்றுப் பார்த்தால் அது பென்தான்.

கல்மண்டபம்:

மேலே சொன்னதை மறுக்கவில்லை; ஆனாலும் ஓர் எச்சரிக்கை தேவை. பென்னின் பேச்சை அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் கவனத்தை வேறு பக்கம் திருப்புவதும், அடுத்து நடக்கப்போவதற்கு நம்மைத் தவறான வழியில் தயார்செய்வதும் அந்தப் பேச்சுத்தான். அது புரியாதவருக்கு நகைச்சுவையில் பாதி போய்விடும். மேலும் பென் தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். அந்தக் கிண்டல் மேடையிலும் தலைகாட்டலாம். உங்கள் அப்பா பக்தி மிகுந்தவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மணல்வீடு:

அப்பா பழைய திராவிடர் கழகத்துக்காரர். அந்தப் பகுதிதான் அவருக்கு முதலில் புரியும் என்று நினைக்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

ஒரு யோசனை. கிளம்புவதற்கு முன், கிண்ணங்களையும் பந்துகளையும் வைத்து அவர்கள் செய்யும் உருப்படியின் காணொளியை அப்பாவுக்குக் காட்டுங்கள். நம் ஊர்ச் சந்தைகளில் செப்பிடுவித்தைக்காரர் தரையில் துணி விரித்துச் செய்வது இதுவே. அந்தப் பெயர் வந்ததே செப்பு என்னும் சிறு கிண்ணத்தால்தானே. ஒரே வித்தையை அதே பார்வையாளருக்கு இரண்டாம் முறை செய்யக்கூடாது, இரகசியத்தை வெளியிடக்கூடாது என்ற தொழில் விதிகள் இரண்டையும் மீறி, இவர்கள் முதலில் சாதாரணக் கிண்ணங்களில் செய்துவிட்டு, உடனே உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் கிண்ணங்களில் மறுபடியும் செய்கிறார்கள். எல்லாமே கண்முன் நடந்தும், கை வேகத்தில் எதுவும் பிடிபடாது. இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

டெல்லரின் மௌனத்துக்கும் ஒரு கதை உண்டு. இளமையில் கல்லூரி விருந்துகளில் வித்தை காட்டியபோது, பேசினால் குறுக்கே கூச்சலிட்ட கூட்டம், பேசாமல் செய்தபோது அடங்கி உற்றுப் பார்த்ததாம். பிற்பாடு அவர் லத்தீன் ஆசிரியராக வேலை பார்த்தவர் என்பதுதான் வேடிக்கை. வகுப்பறையில் எப்படிச் சமாளித்தாரோ! இன்னொன்று: சட்டப்படி அவருக்கு ‘டெல்லர்’ என்ற ஒற்றைப் பெயர் மட்டுமே. தந்தை பெயரின் முதலெழுத்தோடு வந்து, இங்குள்ள படிவங்களில் குடும்பப்பெயர் கட்டத்தில் எதை எழுதுவது என்று விழித்த நம் எல்லோருக்கும் அவர் மீது தனிப் பரிவு வருவது இயல்பே.

ரோஜாவின் நிழலைக் கத்தியால் அறுத்தால் உண்மையான ரோஜாவின் இதழ்கள் உதிரும் அவருடைய பழைய உருப்படியும் பார்க்க வேண்டியது. அதைப் போலவே செய்து விற்க முயன்ற ஒருவர் மீது டெல்லர் வழக்குத் தொடுத்து, நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம் 2014-இல் அதற்குப் பதிப்புரிமை (copyright) உண்டென்று தீர்ப்பளித்தது. ஆனால் உருப்படிகள் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போகும் அன்று அது இடம்பெறுமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மணல்வீடு:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அந்தக் காணொளியை அப்பாவுக்குக் காட்டினேன். மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார். “நெட்டையன் பேச்சை விடு, அந்தச் சின்ன ஆளின் இடது கை எப்போது கோட்டுப் பைக்குள் போய் வருகிறது பார்” என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான்கு டிக்கெட்டுகள் எடுக்கப்போகிறேன். டெல்லரின் கை நன்றாகத் தெரிய மேடைக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவர் கேட்கச் சொல்கிறார்; தெற்குத்தெரு நண்பருக்கு நினைவிருக்கிறதா?