1996 ஷாம்பெய்ன்: குமிழே இல்லை, வெந்தய வாசனை. கெட்டுப்போச்சா? அவசரம்

பாரிஸ்_13 · மாலை 6:04
எட்டு மணிக்கு ஆட்கள் வர்றாங்க. 1996 வின்டேஜ் (அந்த ஒரே ஆண்டு அறுவடையில் செஞ்சது) இரண்டு பாட்டில் இருக்கு. ஒன்றைத் திறந்தேன். சத்தமே இல்லை, கார்க் கையோட வந்துடுச்சு. கிளாஸில் குமிழ் கிடையாது. நிறம் நல்லெண்ணெய் மாதிரி. மூக்கில் வறுத்த வெந்தயம். இது கெட்டுப்போனதா? இரண்டாவதைத் திறக்கவா, வேண்டாமா?

மூக்கன் · 6:09
தயாரிப்பாளர் பேர் வேண்டாம், மற்றதைச் சொல்லுங்க. 75 செ.லி. பாட்டிலா, அதைப்போல் இரண்டு மடங்கு மக்னமா? திராட்சை ஷார்தொனே மட்டுமா, பினோவும் உண்டா? பின்லேபிளில் டெகார்ஜ்மான் தேதி (ஈஸ்ட் மண்டியை வெளியேற்றிய தேதி) இருக்கா? என்ன குளிர்ச்சியில் ஊத்தினீங்க, எந்த மாதிரி கிளாஸ்? முக்கியமா, வாயில் எப்படி இருந்தது? அதைச் சொல்லவே இல்லையே.

காலிக்குப்பி · 6:11
கார்க் கோளாறுதான், டிசிஏ (கார்க்கிலிருந்து மதுவில் இறங்கற நாற்றச் சேர்மம்). பழைய பாட்டில் பத்துக்கு ஒன்பது இப்படித்தான். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்க.

மூக்கன் · 6:14
டிசிஏ வெந்தயம் மாதிரி மணக்காது. நனைஞ்சு காய்ஞ்ச அட்டைப்பெட்டி, மூடிக் கிடந்த அறை, அந்த வாடைதான் வரும். பழ வாசனையை மொத்தமா அமுக்கிடும். கிளாஸில் கால் மணி நேரம் விட்டாலும் அட்டை வாடை போகாது. பத்துக்கு ஒன்பது என்பதும் தப்பு.

நிலவறை · 6:17
பழைய ஷாம்பெய்னைத் திறப்பதற்கு முன் அதைப் பற்றி ஒரு பக்கமாவது படித்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயது தாண்டிய பாட்டிலிடம் 'டப்' சத்தம் எதிர்பார்ப்பவர் இளம் ப்ரூட் (சர்க்கரை குறைந்த ஷாம்பெய்ன்) வாங்கிக் குடிக்கலாம்.

குமிழுக்காகப் பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதிப்புக்கு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை போடுகிறார்கள். அதில் கிடைப்பது ஏறத்தாழ 6 பார் அழுத்தம், லிட்டருக்கு 12 கிராம் அளவில் கரைந்த கரியமில வாயு. அந்த வாயு கார்க் வழியே ஆண்டுக்கணக்கில் கசிகிறது. உங்கள் கார்க்கின் அடிப்பகுதி பாவாடைபோல் விரிந்ததா, ஆப்புபோல் நேராகவே நின்றதா? நேராக நின்றால் கார்க்கின் மீள்திறன் போய்விட்டது, வாயு கணிசமாகக் கசிந்திருக்கிறது என்று பொருள். பிரெஞ்சில் அதற்கு 'ஷெவியே' என்பார்கள். மது கெட்டது என்று பொருளல்ல.

பாரிஸ்_13 · 6:21
கார்க் ஆப்பு மாதிரிதான். 75. ஷார்தொனே மட்டும். தேதி 2005. ஃப்ரிட்ஜிலிருந்து நேரா எடுத்தது. கிளாஸ் நீள ஃப்ளூட், டிஷ்வாஷரில் கழுவினது. வாயில் புளிப்பு ரொம்ப, நாக்கில் லேசா குத்துது.

ரேன்ஸ்_மாடி · 6:26
டிஷ்வாஷர்னு சொன்னதும் பாதி புரிஞ்சுபோச்சு. நாக்கில் குத்துதுன்னா வாயு உள்ளே இருக்கு, கண்ணுக்குத்தான் குமிழ் தெரியலை. குமிழ் சும்மா பிறக்காது. கிளாஸ் சுவரில் ஒட்டின பஞ்சு நார், தூசு இழை, அதுக்குள்ளே மாட்டின காத்துப் பை, அங்கிருந்துதான் கிளம்பும். ரேன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் அதிவேகக் கேமராவில் காட்டினது இதைத்தான். டிஷ்வாஷரில் பளபளப்புக்கு ஊத்தற திரவம் கண்ணாடி மேல் படலமா தங்கி, நுரையையும் குமிழையும் கொன்னுடும்.

உடனே செய்ய வேண்டியது: ரெண்டு கிளாஸ் எடுங்க. சோப்பு வேண்டாம், கை தாங்கற சூட்டுத் தண்ணியில் மூணு தடவை அலசுங்க. கவுத்து வெச்சு வடியவிட்டு, வாசனை இல்லாத பருத்தித் துணியால் உள்பக்கம் துடைங்க. ஒண்ணில் ஷாம்பெய்ன் ஊத்துங்க, பக்கத்தில் பழைய ஃப்ளூட்டையும் வைங்க. துணி இழை பட்ட கிளாஸில் மெல்லிசா குமிழ்ச் சரம் ஏறினா குற்றவாளி கிளாஸ்தான். ரெண்டிலும் அசைவில்லைன்னா வாயு போயிடுச்சு.

மூக்கன் · 6:31
வெந்தயத்துக்கு வர்றேன். அதுதான் இந்தக் கேள்வியின் உயிர்.

வெந்தய விதையில் மணக்கிற சோட்டலோன் என்ற சேர்மம்தான் பிரான்சின் ஜூரா பகுதி 'வான் ழோன்' (மஞ்சள் ஒயின்) மதுவிலும் மணக்குது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு பிடிச்சுடும். காற்று மெல்ல மெல்லப் பட்டு முதிரும்போது வர்றது. நம்ம சமையலறை மூக்குக்கு அது சட்டுனு தெரியுது, பிரெஞ்சுக்காரர் அதையே வால்நட்னு எழுதுவார்.

ஆக, வெந்தயம் மட்டும் குற்றமில்லை. பக்கத்தில் என்ன இருக்குன்னு பாருங்க. தேன், காய்ந்த ஆப்ரிக்காட், வறுத்த ஹேசல்நட், காளான், எலுமிச்சைத் தோல் இவையும் வந்தா நல்லா முதிர்ந்திருக்கு. வெட்டிவெச்சுக் கறுத்த ஆப்பிள், நெயில் பாலிஷ், வினிகர், விழுங்கினதும் ரெண்டு நொடியில் சுவை அறுந்துபோறது, இவை வந்தா ஆக்சிஜன் தின்னு முடிச்சாச்சு. நீங்க சொல்ற புளிப்பு நல்ல அறிகுறி. 1996இல் பழமும் நல்லாப் பழுத்து, அமிலமும் உயரமா நின்னது. அந்த அமிலம்தான் இந்த வயசுக்கும் மதுவைத் தாங்குது.

ஃப்ரிட்ஜ் குளிரில் வாசனை பாதி மூடிக்கும், புளிப்பு மட்டும் துருத்திட்டு நிக்கும். 10 முதல் 12 டிகிரிக்கு வரட்டும். கிளாஸை மேசையில் வெச்சு இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி மோந்து பாருங்க.

காலிக்குப்பி · 6:33
அப்போ ஒளி பட்டிருக்கும். கடை ட்யூப்லைட் போதும்.

மூக்கன் · 6:36
ஒளி பட்டா கந்தக வாடை வரும். வெந்த முட்டைக்கோஸ், ஈரக் கம்பளி. தெளிவான கண்ணாடி பாட்டிலில் அந்த ஆபத்து அதிகம், கிறிஸ்டால் என்ற ஷாம்பெய்னை மஞ்சள் தாளில் சுத்தறது அதுக்காகத்தான். இவர் முட்டைக்கோஸ்னு சொல்லலை.

எப்பெர்னே_சாலை · 6:40
ஃப்ளூட்டைத் தூக்கி வைங்க. வெள்ளை ஒயின் குடிக்கிற துலிப் கிளாஸ், மூணில் ஒரு பங்கு மட்டும் ஊத்தணும். முதல் பாட்டிலை ஜாடிக்கு மாத்தினா இன்னும் திறக்கும்.

நிலவறை · 6:42
ஜாடியா? எஞ்சிய வாயுவும் ஊற்றும்போதே போய்விடும். இதைச் சொல்லித்தருபவர்களால்தான் நல்ல பாட்டில்கள் வீணாகின்றன.

எப்பெர்னே_சாலை · 6:46
மண்டி மேலேயே நெடுங்காலம் கிடந்து, அண்மையில் டெகார்ஜ் ஆன மதுவுக்கு ஜாடி உதவும். அது மூடியே இருக்கும், காற்று பட்டாத்தான் பேசும். பொலாஞ்சே நிறுவனத்தின் 'ஆர்.டி.' (அண்மையில் டெகார்ஜ் ஆனது) அந்த வகை, முதல்ல 1952 வின்டேஜை அப்படி வெளியிட்டாங்க.

நிலவறை · 6:49
அவர் பாட்டில் 2005. டோசாஜ் சர்க்கரையும் (டெகார்ஜ்மானுக்குப் பின் சேர்ப்பது) அமினோ அமிலங்களும் கார்க்கின் கீழ் ஆண்டுக்கணக்கில் வினைபுரிந்து டோஸ்ட், காப்பி மணம் தந்த மது. அதற்கு இனியும் காற்று எதற்கு? மேலும் ப்ரூட்டுக்கான சர்க்கரை வரம்பு அன்று லிட்டருக்கு 15 கிராம், இன்று 12.

எப்பெர்னே_சாலை · 6:53
2005 என்பதை ஒத்துக்கறேன், இவருக்கு ஜாடி வேண்டாம். ஆனா சர்க்கரை மதுவைக் காப்பாத்தும்ங்கறதுக்கு, 2010இல் பின்லாந்தின் ஓலாந்து தீவுகள் பக்கம் பால்டிக் கடலடியில் எடுத்த பாட்டில்களைப் பாருங்க. சுமார் 170 ஆண்டு பழசு, லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை.

நிலவறை · 6:55
அங்கே காப்பாற்றியது இருட்டும், மாறாத குளிரும். சர்க்கரை அக்காலச் சந்தையின் ருசி.

ரேன்ஸ்_மாடி · 6:58
கடலுக்குள்ள போயிட்டீங்க ரெண்டு பேரும். அவருக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு.

பாரிஸ்_13, இரண்டாவது பாட்டிலைத் திறங்க, இப்படி. நிமிர்த்தி வைங்க, ஆட்டாதீங்க. தகட்டை உரிச்சு, கட்டை விரலைக் கார்க் தலை மேல் அழுத்தி வெச்சுக்கிட்டே கம்பிக்கூட்டின் வளையத்தை ஆறு அரைச்சுத்து திருப்புங்க. கூட்டைக் கழட்ட வேண்டாம், தளர்த்தினா போதும். மேலே துணி போட்டு, பாட்டிலைச் சாய்ச்சு, யார் முகமும் இல்லாத பக்கம் காட்டிப் பிடிங்க. கார்க்கைத் திருகாதீங்க, பாட்டிலின் அடியைத் திருப்புங்க.

பழைய கார்க்கில் தலை மட்டும் கழண்டு வர்றது சகஜம். மேல்பாதி தூள் கார்க்கை ஒட்டினது, மதுவைத் தொடுற அடியில் இயற்கைக் கார்க் வட்டுகள், ஒட்டு விட்டுடும். அப்படி ஆனா துணியை எடுக்காம, சாதாரண கார்க் திருகாணியை நேரா, மெதுவா இறக்குங்க. அடியைத் துளைச்சா துகள் உள்ளே விழும். வாயு மிச்சம் இருந்தா கார்க் தானே மேலே தள்ளும், அதனால் முகத்தைப் பக்கத்தில் கொண்டு போகாதீங்க. துகள் விழுந்தா சுத்தமான டீ வடிகட்டி போதும்.

பாரிஸ்_13 · 7:44
கிளாஸை அலசித் துடைச்சேன், முதல் பாட்டிலில் ஊசி மாதிரி சரம் வருது. கிளாஸ்தான். வெந்தயம் அப்படியே இருக்கு, பக்கத்தில் தேனும் எலுமிச்சைத் தோலும். இரண்டாவதில் தலை கழண்டுச்சு, திருகாணியில் எடுத்தேன், 'புஸ்'னு வந்தது. நிறம் வெளிர், வெந்தயம் கம்மி. மணி அடிக்குது. நன்றி.

மூக்கன் · 7:47
இரண்டும் ஒரே டெகார்ஜ்மான் தேதியா?

மூக்கன் · மறுநாள் காலை 9:20
அந்தப் பின்லேபிளைத் தூக்கிப் போடாம வெச்சிருந்தா தேதியைப் போடுங்க. வித்தியாசம் கார்க்கிலிருந்தா, தேதியிலிருந்தா என்பது அதிலதான் தெரியும்.