[கலைச்சொல்] யூமாஸ்க், கிரியேட் மாஸ்க்: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

மடல் 1 – தமிழாக்குநர்

அனைவருக்கும் வணக்கம்.

ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் ரவுட்டரில் யூஎஸ்பி வன்தட்டைச் செருகி வீட்டுக்குள் பகிர்வதற்கான வழிகாட்டியைத் தமிழாக்கி வருகிறேன். அதை உலாவி வழியாக அமைக்கும் லூசி இடைமுகத்தில், விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிரும் சாம்பா மென்பொருளுக்கான பக்கமும் சேர்ந்தே போகிறது. கோப்பு, அடைவு, பயனர், குழு, பகிர்வு எல்லாம் பழகிய சொற்கள். தட்டைப் பயன்பாட்டுக்கு இணைக்கும் மவுண்டுக்கு "ஏற்று" என்றால் பதிவேற்றத்தோடு குழம்பும் என்பதால் "பொருத்து", "கழற்று" என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இல்லையென்றால் அப்படியே விடலாம்.

தீர வேண்டியவை இரண்டு. பெர்மிஷனை "அனுமதி" என்பதா, "உரிமை" என்பதா? அடுத்தது மாஸ்க், அதாவது கோப்புக்கும் அடைவுக்கும் எந்த அனுமதிகள் கிடைக்கும் என்று தீர்மானிக்கும் எண். யூமாஸ்க், எஃப்மாஸ்க், டிமாஸ்க், சாம்பாவின் கிரியேட் மாஸ்க், டைரக்டரி மாஸ்க் என்று ஐந்து இடத்தில் வருகிறது. எல்லாவற்றுக்கும் "மறைமூடி" என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறேன். சரிதானா?

மடல் 2 – தமிழாசிரியர்

"அனுமதி"யே இருக்கட்டும். ஒரு கோப்புக்கு உரிமையாளர் இருப்பார், ஆனால் அதில் எழுத அவருக்கே "உரிமை இல்லை" என்று செய்தி வரும். படிப்பவர் தலையைச் சொறிவார். உரிமம் என்று லைசென்ஸ் வேறு பக்கத்தில் நிற்கிறது. ஓனரைக்கூட "உடைமையாளர்" ஆக்கிவிட்டால் உரிமை என்ற சொல்லை இந்தப் பக்கத்திலிருந்தே விலக்கிவிடலாம்.

மறைமூடி எனக்குப் பிடிக்கவில்லை. எதை மறைக்கிறது, யாரிடமிருந்து மறைக்கிறது? "அனுமதி விலக்கு" என்று பாருங்கள்.

மடல் 3 – பிணைய நிர்வாகி

> எல்லாவற்றுக்கும் "மறைமூடி" என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறேன். சரிதானா?

இல்லை. இது சொல் அழகு பற்றிய கேள்வி இல்லை, வன்தட்டில் கோப்பு திறக்குமா திறக்காதா என்ற கேள்வி.

யூமாஸ்க்கில் எழுதும் எண், எடுத்துவிட வேண்டிய அனுமதிகள். மூன்று இலக்கங்களும் முறையே உடைமையாளர், குழு, மற்றவர். ஒவ்வோர் இலக்கத்திலும் படிக்க 4, எழுத 2, இயக்க 1, இவற்றின் கூட்டல். யூமாஸ்க் 022 என்றால் குழுவிடமிருந்தும் மற்றவரிடமிருந்தும் எழுதும் அனுமதியை எடு என்று பொருள். 666 என்று பிறக்க வேண்டிய கோப்பு 644 ஆகப் பிறக்கும்.

சாம்பாவின் கிரியேட் மாஸ்க் நேர் எதிர். அங்கே எழுதுவது விட்டுவைக்க வேண்டிய அனுமதிகள். அதன் இயல்பு மதிப்பு 0744. அடைவுக்கான டைரக்டரி மாஸ்க் 0755. அந்த எண்ணில் இல்லாத எந்த அனுமதியும் புதுக் கோப்புக்குக் கிடைக்காது.

இரண்டுக்கும் "மறைமூடி" என்று போட்டுவிட்டால், வழிகாட்டியின் முதல் பாதியில் 022 படித்தவர் லூசி பக்கத்திலும் 0022 என்றே தட்டுவார். 0666, 0022 இரண்டிலும் பொதுவான பிட்டுகள் (அந்த 4, 2, 1 கூறுகள்) மட்டும் எஞ்சும். கிடைப்பது 0022. குழுவும் மற்றவரும் எழுதலாம், படிக்க ஒருவராலும் முடியாது. உடைமையாளருக்கு ஒன்றுமே இல்லை. விண்டோஸிலிருந்து நகலெடுத்த படம் ரவுட்டரில் உட்கார்ந்திருக்கும், திறக்காது. எல்லாம் செய்யவல்ல நிர்வாகிப் பயனரான ரூட்டுக்கு மட்டும் திறக்கும் என்பதால் எஸ்எஸ்எச் என்ற தொலைக் கட்டளை இணைப்பில் ரூட்டாக நுழைந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இதே ரவுட்டரின் லேன் பக்கத்தில் முகவரியில் பிணையப் பகுதியைக் காட்டும் நெட்மாஸ்க் 255.255.255.0 என்று ஒன்று இருக்கிறது. அதிலும் 1 என்ற பிட் விட்டுவைக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு எதிர்வேலையையும் சுமக்கிறது. அந்தச் சுமையைத் தமிழும் ஏன் தூக்க வேண்டும்?

தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒரு சொல்: "வரிவிலக்கு" என்றால் வரி கட்ட வேண்டாம் என்று பொருள். "அனுமதி விலக்கு" என்றால் அனுமதியே தேவையில்லை என்று படிக்க இடமுண்டு. பாதுகாப்பு விஷயத்தில் இது ஆபத்து.

மடல் 4 – தமிழாசிரியர்

தம்பி சொல்வது சரி, விலக்கைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு கேள்வி: யூமாஸ்க் செய்வது கழித்தல்தானே? 666-இல் 022 போனால் 644. "அனுமதிக் கழிவு" என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். கழிவுநீர் நினைவுக்கு வரும் என்பது மட்டும் குறை.

மடல் 5 – பிணைய நிர்வாகி

கழித்தல் இல்லை ஐயா. 022-க்கு விடை பொருந்திவிடுவதால் பலரும் அப்படி எழுதுகிறார்கள். 033 வைத்துப் பாருங்கள். கழித்தால் 633 வர வேண்டும். உண்மையில் வருவது 644. 6 என்பது 4-உம் 2-உம். 3 என்பது 2-உம் 1-உம். இரண்டிலும் இருக்கும் 2 மட்டும் போகும். 1 அங்கே முதலிலேயே இல்லை, இல்லாததை எடுக்க முடியாது.

மடல் 6 – தமிழாசிரியர்

அப்படியானால் அது களையெடுப்பு. பாத்தியில் முளைத்திருந்தால் பிடுங்குவோம், முளைக்காத இடத்தில் பிடுங்க ஒன்றும் இல்லை, மண் குறையாது. யூமாஸ்க்குக்கு "அனுமதிக் களைவு". கிரியேட் மாஸ்க்குக்கு "அனுமதி வரம்பு": வரம்புக்கு உள்ளே இருப்பது நிற்கும், வெளியே இருப்பது நிற்காது. இரண்டு சொல்லும் வயலிலிருந்தே வந்துவிட்டன.

மடல் 7 – தமிழாக்குநர்

களைவு, வரம்பு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். எஃப்மாஸ்க் "கோப்புக் களைவு", டிமாஸ்க் "அடைவுக் களைவு" ஆகலாம். அவையும் யூமாஸ்க் பக்கம்தானே? சாம்பாவில் ஃபோர்ஸ் கிரியேட் மோட் என்று ஒன்றும் இருக்கிறதே, அது?

பிழைச்செய்திகளிலும் ஓர் ஐயம். "பெர்மிஷன் டினைட்", "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" இரண்டுக்கும் "அனுமதி இல்லை" என்று போட்டால் என்ன கெடும்?

மடல் 8 – பிணைய நிர்வாகி

எஃப்மாஸ்க், டிமாஸ்க் இரண்டும் களைவுதான். ஆனால் அவை களையெடுக்கும் பாத்தி வேறு, 666 இல்லை 777. ஆகவே கோப்புக் களைவு 0113 என்றால் 664, அடைவுக் களைவு 0002 என்றால் 775. ஃபோர்ஸ் கிரியேட் மோட் வரம்பு வேலை முடிந்தபின் மேலே சேர்க்கும் அனுமதி. "கட்டாய அனுமதி" போதும், இயல்பாக அது 0000.

பிழைச்செய்திக்கு வருவோம். லினக்ஸில் எண் 13, எண் 1, எண் 30 என்று மூன்று வெவ்வேறு பிழைகள். மூன்றுக்கும் மருந்து வேறு. ஒரே தமிழ்த் தொடரைப் போட்டால் பயனர் மூன்றுக்கும், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 கட்டளையையே அடிப்பார். நடப்பது அதுதான்.

எண் 13, பெர்மிஷன் டினைட். இது உண்மையான அனுமதிச் சிக்கல், பெரும்பாலும் லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 உள்ள தட்டில் வரும். இஎக்ஸ்டி4 உடைமையாளரின் பெயரை வைத்துக்கொள்வதில்லை, எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறது. உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000. அந்தக் கணினியில் நிரப்பிய தட்டை ரவுட்டரில் செருகினால் கோப்புகள் 1000 என்பவருக்குச் சொந்தமாகவே வரும், ஆனால் ரவுட்டரில் 1000 என்று யாரும் இருக்க மாட்டார். கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழைபவரை சாம்பா நோபடி என்ற பயனராக்கும், அவர் எண் 65534. அடைவு 755 என்றால் அவர் "மற்றவர்" வரிசையில் நின்று படிக்கலாம், எழுத முடியாது. படம் ஓடுகிறது, நகலெடுக்க முடியவில்லை என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

எல்எஸ் கட்டளையை -எல்என் தெரிவோடு கொடுத்தால் பெயருக்குப் பதில் எண் தெரியும், அதைப் பார்க்காமல் எதையும் மாற்றக்கூடாது. பிறகு ரவுட்டரின் பயனர் கோப்பில் 1000 என்ற எண்ணோடு ஒரு வரியும், குழுக் கோப்பில் அதே எண்ணில் ஒரு குழுவும் சேர்க்க வேண்டும். எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி (smbpasswd) கட்டளையை -ஏ தெரிவோடு ஓட்டி சாம்பாவுக்குத் தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். பகிர்வில் விருந்தினரை நிறுத்திவிட்டு அந்தப் பயனரை அனுமதிக்க வேண்டும். குழுவாகப் பயன்படுத்துவோர் அடைவுகளுக்கு 2775, கோப்புகளுக்கு 664 வைக்கலாம். முன்னால் நிற்கும் 2, உள்ளே பிறக்கும் எல்லாவற்றுக்கும் அடைவின் குழுவையே தரும்.

லூசியில் ஃபோர்ஸ் ரூட் என்ற பெட்டியை டிக் செய்தால் இவ்வளவும் ஒரு நொடியில் மறையும். புதுக் கோப்பெல்லாம் ரூட்டின் உடைமையாகப் பிறக்கும், தட்டைக் கழற்றிக் கணினியில் செருகும் நாளில் எண் 13 அங்கே வந்து நிற்கும்.

எண் 1, ஆபரேஷன் நாட் பெர்மிட்டட். பென்டிரைவ்களில் பரவலான கோப்பு முறைமையான ஃபேட்32 உள்ள தட்டில், ரூட்டாகவே இருந்து, உடைமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையை அடித்தாலும் இது வரும். கேட்டது யார் என்பது இங்கே பொருட்டே இல்லை. ஃபேட்டில் உடைமையாளரை எழுதிவைக்க இடமே கிடையாது. சிஎச்மாட் இன்னும் மோசம்: பெரும்பாலும் பிழையே சொல்லாமல் முடிந்துவிடும், ஆனால் எதுவும் மாறியிருக்காது. சரியான வழி, எஃப்எஸ்டேப் அமைப்புக் கோப்பில் அந்தத் தட்டுக்கான பகுதியில் பயனர் எண், குழு எண், கோப்புக் களைவு 0113, அடைவுக் களைவு 0002 நான்கையும் காற்புள்ளியிட்டுத் தெரிவாக எழுதி, தட்டைக் கழற்றிப் பொருத்துவது. தட்டு முழுவதற்கும் ஒரே விதி, கோப்புக்குக் கோப்பு வேறு வைக்க முடியாது. சாம்பாவின் வரம்பும் இங்கே செல்லாது.

எண் 30, ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம். அனுமதிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ரூட்டுக்கும் எழுத முடியாது. ஃபேட்டில் கட்டமைப்புப் பிழை கண்டால் லினக்ஸின் கருவான கர்னல் தட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிடும், அதுதான் இயல்பு. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) தட்டை விண்டோஸ் ஒழுங்காக விடுவிக்காமல் பிடுங்கியிருந்தாலும் எழுத விடாது. அதை விண்டோஸிலேயே செக்டிஸ்க் ஓட்டித் திருத்துவது நல்லது. ஃபேட்டுக்கு டாஸ்எஃப்எஸ்டூல்ஸ் பொதியில் உள்ள திருத்தி, தட்டைக் கழற்றிய பிறகு மட்டும்.

திருத்திய மறுநாளே மீண்டும் வந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. சுழலத் தொடங்கும் கணத்தில் 500-ஐத் தாண்டும் வன்தட்டுகள் உண்டு. தட்டு அறுந்து அறுந்து இணைவது கர்னல் பதிவில் தெரியும். தனி மின்னிணைப்புள்ள ஹப் வைத்தால் தீரும்.

மடல் 9 – தமிழாசிரியர்

மூன்றுக்கும் என் முன்மொழிவு. 13: "அனுமதி மறுக்கப்பட்டது". 1: "இச்செயலுக்கு இடமில்லை". 30: "தட்டு படிக்க மட்டும் பொருத்தப்பட்டுள்ளது". நடுவில் இருப்பதில் அனுமதி என்ற சொல்லே வரக்கூடாது என்பது என் எண்ணம்.

மடல் 10 – பிணைய நிர்வாகி

"இடமில்லை" என்றால் தட்டு நிறைந்துவிட்டது என்று படிப்பார்கள் ஐயா. எண் 28 அதற்குத்தான் இருக்கிறது. "இச்செயல் இங்கே செல்லாது" என்றால்?

இன்னொன்று. இயக்கும் அனுமதி அடைவில் வேறு பொருள் தரும்: உள்ளே நுழைவது. 644 என்று ஓர் அடைவுக்கு வைத்தால் பெயர்ப் பட்டியல் தெரியும், ஒன்றும் திறக்காது. எல்லாவற்றையும் ஒரே அடியாக 644 ஆக்கியவர்கள் மாட்டுவது இங்கேதான். கோப்பை அழிக்க வேண்டிய எழுதும் அனுமதிகூடக் கோப்பின் மேல் இல்லை, அதை வைத்திருக்கும் அடைவின் மேல்.

மடல் 11 – தமிழாக்குநர்

"செல்லாது" வைத்துக்கொண்டேன். இயக்கு என்பதை அடைவுக்கு மட்டும் "நுழை" என்று எழுதுகிறேன். லூசியில் கிரியேட் மாஸ்க் பெட்டிக்குப் பெயர் "கோப்பு அனுமதி வரம்பு", டைரக்டரி மாஸ்க்குக்கு "அடைவு அனுமதி வரம்பு". முதல் பெட்டியின் கீழ் வரும் குறிப்பு:

"புதுக் கோப்புக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடிய அனுமதிகள். எடுத்துக்காட்டு: 0664. யூமாஸ்க் எண்ணை (0022 போன்றது) இங்கே இட வேண்டாம். ஃபேட், எக்ஸ்ஃபேட் தட்டுகளுக்கு இது பயன்படாது. பொருத்தும்போதே களைவு கொடுக்கவும்."

மடல் 12 – தமிழாசிரியர்

"அனுமதிக் களைவு" எழுதும்போது ஒற்று விட்டுப்போகாமல் பாருங்கள். "அனுமதி களைவு" என்று ஓரிடத்திலும் "அனுமதிக் களைவு" என்று ஓரிடத்திலும் இருந்தால் தேடுபொறியில் பாதி கிடைக்காது.