மறு: டெட்டனஸ் கையேடு – ‘இன்ஹிபிஷ’னுக்கு எந்தச் சொல்?

அண்ணே, வணக்கம்.

கோயில் மண்டப முதலுதவி வகுப்புக்கு நீங்கள் அனுப்பிய டெட்டனஸ் (தனுர்வாதம்) கையேட்டு வரைவைப் படித்தேன். ‘கிருமியின் நச்சு நரம்பைத் தூண்டுவதால் தசை இறுகுகிறது’ என்ற வரியை மாற்றியே ஆக வேண்டும். அந்த நச்சு எதையும் தூண்டுவதில்லை. காயத்தருகே இயக்க நரம்பின் நுனியில் புகுந்து, நரம்பிழை வழியாகவே பின்னோக்கி ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. அங்கிருந்து பக்கத்து நரம்பணுவுக்குத் தாவுகிறது. கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்களை வெளியிட்டு, ‘போதும், நிறுத்து’ என்று இயக்க நரம்பணுவுக்குச் சொல்வதுதான் அந்த நரம்பணுவின் வேலை. அவை வெளியேறத் தேவையான சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை நச்சு வெட்டிவிடுகிறது. பிறகு ‘நிறுத்து’ சொல்ல ஆளில்லை. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருசேர இழுக்கின்றன. முதுகுத் தசைகள் வலுவானவை என்பதால் உடம்பு வில்லாக வளைகிறது.

ஆங்கிலத்தில் ‘இன்ஹிபிஷன்’ எனும் அந்த ‘நிறுத்து’ வேலைக்குத்தான் தமிழில் பெயர் வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் ‘தடுப்பு’ இங்கே சரிவராது, அடுத்த பக்கத்திலேயே தடுப்பூசி வருகிறது. ‘தடுப்பூசி போடாவிட்டால் நச்சு தடுப்பைத் தடுக்கும்’ என்று எழுதினால் பெகு வயல்காட்டில் யாருக்குப் புரியும்? ‘அடக்கல்’ என்று வைக்கலாம். செய்வது ‘அடக்கு நரம்பணு’, அது செயலற்றுப் போவது ‘அடக்கிழப்பு’.

நோயின் பெயரிலும் ஒரு சிக்கல். ‘ரண ஜன்னி’ வேண்டவே வேண்டாம். ஜன்னி என்றால் நினைவு தப்பிப் பிதற்றுவது என்றுதான் நம் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்த நோயாளிக்கு நினைவு தெளிவாகவே இருக்கும், ஒவ்வொரு இசிவின் வலியும் தெரியும். கதவு சாத்தும் ஓசையோ வெளிச்சமோ லேசான தொடுகையோ அடுத்த இசிவைக் கிளப்பிவிடும். நினைவில்லை என்று எண்ணிக் கட்டிலைச் சுற்றி நின்று உரக்கப் பேசுவார்களே, அது ஆபத்து. பர்மியர் ‘மேகைங்’ என்று தாடை இறுகுவதை வைத்தே பெயர் சொல்கிறார்கள். பெரும்பாலும் முதலில் தெரியும் அறிகுறியும் அதுதான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நம் தனுர்வாதத்தைவிட அந்தச் சொல்தான் பழக்கம். தலைப்பில் ‘டெட்டனஸ் / மேகைங்’ என்றே போடலாம்.

– ரங்கூனிலிருந்து

*

தம்பி,

தூண்டல் வரியை எடுத்துவிட்டேன். ஜன்னியும் போயிற்று.

‘அடக்கு’ மட்டும் வேண்டாம். இங்கே மோல்மேனில் ‘அடக்கம் எப்போது?’ என்று கேட்டால் சவ அடக்கம்தான். நோயாளி வீட்டார் கையில் கொடுக்கிற தாளில் அந்தச் சொல்லை நீயே போடுவாயா?

‘மட்டுறுத்தல்’ என்பது என் யோசனை. கிளைசின் தசையை முழுக்க நிறுத்திப்போடுவதில்லை, அளவோடு வேலை செய்ய வைக்கிறது. நம் மின்மடல் குழுவில் மடல்களை அளவோடு வைக்கும் மட்டுறுத்துநரும் அதையேதான் செய்கிறார். அவர் விடுப்பில் போன வாரம் இங்கே எத்தனை மடல் பறந்தது என்று பார்த்தாயல்லவா? ‘மட்டுறுத்து நரம்பணு’, ‘மட்டிழப்பு’.

கெட்டுப்போன உணவில் கிருமி உண்டாக்கும் பொட்டுலினம் நச்சுக்கும் இந்தச் சொற்கள் பொருந்துமா என்று சோதித்துப் பார்த்தேன். அதன் பி வகை இதே புரதத்தை இதே இடத்தில்தான் வெட்டுகிறது. ஆனால் நரம்பும் தசையும் சேரும் இடத்திலேயே தங்கி, தசையைச் சுருங்கச் சொல்லும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை நிறுத்திவிடுவதால், தசை இறுகாமல் துவண்டுபோகிறது. அதை ‘ஏவலிழப்பு’ என்போம். ஒரே வெட்டு, இடம் மாறியதால் எதிரெதிர் விளைவு. இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே மாணவனுக்குப் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. தசைக்கு அடுத்தடுத்து மின்தூண்டல் கொடுத்தால் தளர இடமில்லாமல் சுருங்கியே நிற்குமே, உடலியங்கியல்காரர்கள் அதையும் டெட்டனஸ் என்பார்கள். அதைத் ‘தொடர்சுருக்கம்’ என்று பிரித்துவிடு. கெண்டைக்கால் குரக்குவலி வேறு, அதை இதற்குள் இழுக்காதே.

*

அண்ணே, அடக்கத்தை நான் யோசிக்கவில்லை, வாபஸ். ‘மட்டிழப்பு’ வேகமாகச் சொன்னால் ‘மட்டி’ என்று காதில் விழுகிறது, வகுப்பில் பையன்கள் சும்மா விடமாட்டார்கள். ‘மட்டறுதல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? மற்ற எல்லாம் சம்மதம்.

மருந்துப் பகுதியில் டயசிபாமைத் ‘தசை தளர்த்தி’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் காபாவின் வேலைக்கு அது வலுச்சேர்க்கிறது, ஆகவே ‘மட்டுறுத்தலுக்குத் துணை’ என்றும் சேருங்கள். நச்சுமுறி மருந்து நரம்புக்குள் ஏறிவிட்ட நச்சை ஒன்றும் செய்யாது, வெளியே திரிவதைத்தான் முறிக்கும். அதனால்தான் தேறி எழ வாரக்கணக்கில் ஆகிறது. இன்னொரு வரி விடுபட்டிருக்கிறது: ஒருமுறை நோய் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும். நோயை உண்டாக்கும் நச்சின் அளவு மிகச் சிறிது, உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பாற்றலைத் தேடிக்கொள்ள அது போதாது.