செல்கி, கெல்பி, மாற்றுக்குழந்தை: ஐந்து பாகக் கதைக்குள் எப்படி அடக்குவது?

கரிக்கோல்

ஐந்து பாக மிகுபுனைவுத் தொடருக்குச் சட்டகம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நாயகி ஒரு மாற்றுக்குழந்தை, அதாவது ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் கதைகளில் வரும் மாய மக்கள் (fairies) மனிதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதற்குப் பதிலாகத் தொட்டிலில் விட்டுப்போன பிள்ளை. வளர்ப்புத் தாய், சீல் தோலைக் கழற்றினால் பெண்ணாகும் செல்கி. ஆற்றில் குதிரை உருவில் ஒரு கெல்பி. போர்க்களத்தில் அலறியே ஆளைக் கொல்லும் பான்ஷீ. எல்லாருக்கும் மேலே, மாய மக்களின் பகைமை கொண்ட இரண்டு அரசவைகள். முட்டுகிற இடங்கள்:

1. பெயர்களை எடுத்துவிட்டால் எல்லா உருவும் ஒன்றுபோலவே இருக்கின்றன.
2. இரும்பு பட்டால் செத்துப்போவார்கள் என்று விதி வைத்தேன். அப்படியென்றால் ஆளுக்கொரு ஆணியைக் கொடுத்தால் முதல் பாகத்திலேயே போர் முடிந்துவிடுமே?
3. அவர்களால் பொய் சொல்ல முடியாது. விளைவு, எல்லா உரையாடலும் விடுகதைப் போட்டி.
4. 'தேவதை' என்று எழுதினால் வாசகர் மனதில் சிறகும் மந்திரக்கோலும் வந்து நிற்கின்றன.

அடிக்குறிப்பு

இரும்பில் தொடங்கலாம். அது சரியானால் முதல் சிக்கலும் பாதி அவிழ்ந்துவிடும்.

நாட்டார் கதைகளில் இரும்பு பெரும்பாலும் ஆயுதம் அல்ல, தடுப்பு. தொட்டிலுக்கு மேலே கத்தரிக்கோலைத் தொங்கவிடுவார்கள். பிள்ளையைத் தூக்க வந்தவள் சாக மாட்டாள், கிட்டே வர முடியாமல் திரும்பிப்போவாள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் ஒரு கொல்லன் கதை உண்டு. மகனை மாய மக்கள் தாங்கள் வாழும் மண்மேட்டுக்குள் கொண்டுபோய்விடுகிறார்கள். மேடு திறக்கும் இரவில் தந்தை வாசலில் குத்துவாளைச் செருகிவிட்டு உள்ளே போகிறார். வாள் அங்கே இருக்கும்வரை கதவு மூடாது. அதன் வேலை அவ்வளவுதான், யாரையும் அது குத்துவதில்லை.

இதை உங்கள் கதையில் வைத்துப் பாருங்கள். வாளை யாராவது பிடுங்கினால் உள்ளே போனவர் உள்ளேயே. ஆகவே வாசலில் காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நம்பலாமா? ஓர் அத்தியாயம் தானாக வந்துவிட்டது. கொல்லும் இரும்பிலிருந்து ஒரு சண்டைக்காட்சிக்கு மேல் எதுவும் தேறாது.

அடுத்து, எல்லாருக்கும் ஒரே இரும்பை மாட்டாதீர்கள். கெல்பிக்குக் கடிவாளம், செல்கிக்குத் தோல், வீட்டுவேலை செய்யும் பிரவுனிக்குப் புதுத்துணி (கொடுத்தால் வீட்டைவிட்டே போய்விடும்), வழி மயக்கும் பிக்ஸியிடமிருந்து தப்பச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போடுவது. ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் எழுதுங்கள்: எங்கே இருக்கிறது, மனிதரிடம் அதற்கு என்ன வேண்டும், அதனால் எது முடியாது, அதன் பிடியை எது விடுவிக்கும், விடுவிக்கிறவர் எதை இழக்கிறார். கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தொடர் மூன்றாம் பாகத்தில் நொண்டுவதும் அதனால்தான். இரண்டு உருவங்களுக்கு மூன்று விடைகள் ஒன்றாக வந்தால் ஒன்றை வெட்டிவிடலாம். காது நீளமா, கண் பச்சையா என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொய் விஷயம்: அது பொதுவிதி இல்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் எழுதிவைத்த எலிடோர் கதையில் குள்ளமான மக்கள் பொய்யை அறவே வெறுப்பவர்கள். வெறுப்பது வேறு, முடியாமல் இருப்பது வேறு. தாமஸ் தி ரைமர் கதைப்பாடலில் பொய் பேசாத நாவை மாய மக்களின் ராணி ஒரு மனிதனுக்குக் கொடுக்கிறாள். அவன் அதை வேண்டாம் என்கிறான், சந்தையில் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாதே என்று! விதி வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் தவறாக நம்பியதைச் சொல்ல அவர்களுக்கு இடம் கொடுங்கள். உரையாடலிலும் விடுகதை வேண்டாம்.

"கதவு பூட்டியிருக்கிறதா?"
"நான் பூட்டவில்லை."

இவ்வளவு போதும். ஒரு காட்சிக்கு இப்படி ஒன்று, அதற்குமேல் போனால் வாசகர் கதையை விட்டுவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

பழைய பிரதி

மேலே சொன்னதோடு சில திருத்தங்கள்.

பான்ஷீ கொல்வதில்லை. ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு 'மேட்டுப் பெண்' என்று பொருள். குறிப்பிட்ட குடும்பங்களோடு ஒட்டியவள், அந்தக் குடும்பத்தில் சாவு வரப்போவதை அறிந்து முன்கூட்டியே ஒப்பாரி வைப்பவள். அவளைப் போர்க்களத்தில் நிறுத்தினால் ஒலிபெருக்கி ஆகிவிடுகிறாள். ஒரு வீட்டுக் கொல்லையில் நிறுத்துங்கள். அழுகை கேட்கிறது, யாருக்காக என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இது எவ்வளவோ மேல்.

கெல்பியின் முதுகில் கை ஒட்டிக்கொள்ளும், அதோடு நீருக்குள் போய்விடும். ஒட்டிய விரலைத் தானே வெட்டிக்கொண்டு தப்பும் சிறுவன் பல கதைகளில் வருகிறான். 'விடுவிப்பவர் எதை இழக்கிறார்' என்ற கட்டத்துக்கு இதைவிட நேரடியான விடை கிடையாது.

அரசவைகள்: சீலி, அன்சீலி என்ற பெயர்கள் ஸ்காட்லாந்து வழக்கு. பருவத்துக்கு ஓர் அவை, அதற்கொரு ராஜா என்பதெல்லாம் இக்கால நாவல்களின் சரக்கு. அதை எடுத்தால் மரபை எடுத்ததாகாது, இன்னொருவர் கற்பனையை எடுத்ததாகும். சட்டச் சிக்கலும் அங்கேதான் வரும். மாறாக, அபெர்ஃபாயில் பாதிரியார் ராபர்ட் கிர்க் 1691-92 வாக்கில் எழுதிய குறிப்புகளைப் பாருங்கள்: அவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை இருப்பிடம் மாற்றுகிறார்கள். ஆண்டுக்கு 4 முறை பழசாகிப்போகும் வரைபடம். உங்கள் போருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மாற்றுக்குழந்தை விஷயத்தில் மட்டும் கவனம். நோயும் ஊனமும் உள்ள பிள்ளைகளை 'இது நம் பிள்ளையல்ல' என்று துன்புறுத்த இந்த நம்பிக்கை பயன்பட்டிருக்கிறது. 1895இல் அயர்லாந்தின் டிப்பரரியில் பிரிட்ஜெட் கிளியரி என்ற பெண்ணை, அவள் தன் மனைவியே அல்ல என்று சொல்லிக் கணவன் எரித்தான். ஆகவே 'விசித்திரமான பிள்ளை, கடைசியில் அது மனிதப் பிள்ளையே அல்ல' என்று முடிச்சை அவிழ்ப்பது நல்ல திருப்பமாகத் தோன்றும், படிப்பவரில் சிலரை அறையும். முட்டை ஓட்டில் சமைத்துக் காட்டி, மாற்றுக்குழந்தை வியந்து தன் வயதை உளறும்படி செய்யும் சோதனையை நாயகியின் பக்கமிருந்து எழுதுங்கள். தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். தூக்கிப்போன பிள்ளை எங்கே என்பதற்கு இரண்டாம் பாகத்துக்குள் விடை வேண்டும். அதற்குமேல் வாசகர் பொறுக்க மாட்டார்.

கரிக்கோல்

பான்ஷீயை இடம் மாற்றிவிட்டேன். செல்கித் தாயை மூன்றாம் பாகத்தில் திரும்ப அழைத்துவரலாமா? இன்னொன்று, அவர்கள் உலகில் ஓர் இரவு என்றால் இங்கே ஏழு ஆண்டு என்று வைத்திருக்கிறேன். சரியா?

அடிக்குறிப்பு

நிலையான விகிதம் வேண்டாம். நாயகி மூன்று இரவு போய்வந்தால் 21 ஆண்டு. துணைப்பாத்திரங்கள் பாதிப்பேர் கிழவர்கள். அயர்லாந்தின் ஓசீன் கதையில் கணக்கு வேறு மாதிரி: மாய உலகிலிருந்து 300 ஆண்டு கழித்துக் குதிரையில் திரும்பியவனை, கால் மண்ணில் படும்வரை முதுமை தொடுவதில்லை. மொத்தக் கடனும் அந்த ஒரு நொடியில் வசூலாகிறது. வசூலாகும் நொடியைத் தொடுதலோடோ உண்ணுதலோடோ கட்டிவிட்டால் அது எப்போது வரும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

செல்கியைத் திரும்ப வரவழைக்காதீர்கள். அது காதல் கதை அல்ல, திருட்டுக் கதை. தோலை ஒளித்தவன் கணவன். ஆர்க்னி, ஷெட்லண்ட் கதைகளில் பிள்ளை தற்செயலாகத் தோலைக் கண்டெடுத்துக் காட்டுகிறது, அப்போதே தாய் கடலுக்குப் போய்விடுகிறாள்.

பழைய பிரதி

இதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. கரைக்கு அருகே வந்து பிள்ளைகளைப் பார்த்துப்போகும் தாய் சில வடிவங்களில் உண்டு. தண்ணீரை விட்டு ஏறக்கூடாது, அவ்வளவே. பேசலாம், தொட முடியாது என்று வைத்தால் மூன்றாம் பாகம் தாங்கும்.

மூன்றாம் வாசல்

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லை. 'தேவதை' வேண்டாம். 'அணங்கு' இருக்கிறது: வருத்தும் தெய்வத்துக்கும் அந்த வருத்தத்துக்கும் ஒரே சொல். அழகும் ஆபத்தும் ஒன்றாக வந்துவிடும். பெண்பால் வாடை அடிக்கும், ஆண் பாத்திரங்களுக்குச் சரிப்படாது என்பதுதான் குறை.

வேறு வழி, பெயரையே சொல்லாமல் விடுவது. மூலத்திலும் அஞ்சித்தான் 'நல்லவர்கள்', 'நல்ல அண்டைவீட்டார்' என்றார்கள். சுடுகாட்டை நன்காடு என்று சொல்லும் மங்கல வழக்கு நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஊரார் வாயில் 'நல்லோர்' என்று மட்டும் வரட்டும். சீலி என்றால் பேறு பெற்ற என்று பொருள், அதனால் 'அருளவை'. எதிரணிக்கு 'மருளவை'.

செல்கியை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். ஆர்க்னி வழக்கில் அது வெறுமனே சீல் என்ற விலங்கின் பெயர். தமிழில் அந்த விலங்கு கடல்நாய். 'கடல்நாய்த் தாய்' என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், புரியும்.